பில்டரை நம்பும் முன்: ரெரா எதுவரை வரும், எங்கே நின்றுவிடும்?

'ரெரா அப்ரூவ்டு' என்று மனை விற்கும் பலகையிலும் அடுக்குமாடி விளம்பரத்திலும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு பிசகு இருக்கிறது. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், யாருக்கும் அங்கீகாரம் தருவதில்லை, பதிவுதான் செய்கிறது. வரைபட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது அந்த ஊர் உள்ளாட்சி அமைப்பு. கட்டடம் உறுதியானது, கட்டுபவர் நாணயமானவர் என்று அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழாக ரெரா எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின் எதற்கு அந்தப் பதிவு? பில்டர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்த தகவல்கள் பொதுவில் கிடக்க வேண்டும் என்பதற்கு. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். மீதிக் கவலை சொந்த மனையில் வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் உரியது. அவர்கள் பக்கம் ரெரா சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யாருக்குப் பதிவு கட்டாயம்

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. சென்னையில் இயங்கும் தமிழ்நாடு ஆணையமே அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பொறுப்பு.

500 சதுர மீட்டருக்குள் அடங்கும் நிலத்தில் எட்டு வீடு வரை கட்டி விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 5,380 சதுர அடி, அதாவது இரண்டேகால் கிரவுண்டு. பழைய தனி வீட்டை இடித்துவிட்டு நான்கு, ஆறு பிளாட் கட்டி விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்த ஓட்டைக்குள் நுழைந்துவிடும். அங்கே 'ரெரா நம்பர் எங்கே?' என்று கேட்டால் 'எங்களுக்கு அது வேண்டாம் சார்' என்பார்கள். சட்டப்படி அது சரியான பதில்தான். ஆனால் அந்த வீட்டை வாங்குகிறவர், சொந்த மனையில் கட்டுகிறவர் அளவுக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அந்த அளவைத் தாண்டிய அடுக்குமாடியோ மனைப்பிரிவோ, பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே குற்றம். முன்பதிவுத் தொகை வாங்குவதும் அப்படித்தான். திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விற்பனை முகவர்களும் ரெராவில் பதிவு செய்தாக வேண்டும், அவர்களுக்கும் தனி எண் உண்டு. விளம்பரத்தில் முகவரின் எண்ணை மட்டும் போட்டுவிட்டுத் திட்டத்தின் எண்ணை விட்டுவிடுவது ஒரு வகை. முதல் கட்டத்தின் எண்ணைக் காட்டி இரண்டாம் கட்டத்தை விற்பது இன்னொரு வகை. சட்டம் ஒவ்வொரு கட்டத்தையும் தனித் திட்டமாகவே பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு வேண்டும். எனவே எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

பில்டரின் ஜாதகம்

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது நான்காம் பிரிவு. பதிவுக்கு விண்ணப்பிக்கும் பில்டர், கடந்த ஐந்து ஆண்டுகளில் தான் தொடங்கிய திட்டங்களை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எது முடிந்தது, எது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, எத்தனை நாள் தாமதம், என்னென்ன வழக்கு நிலுவையில் இருக்கிறது, யாருக்குப் பணம் பாக்கி என்பதெல்லாம் அதில் வரும். நிலத்தின் மீதான உரிமை தன்னிடம் இருக்கிறது என்பதற்குப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். வில்லங்கம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கட்டட வடிவமைப்பாளர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஒப்பந்ததாரர் பெயர்களும் வேண்டும்.

மாப்பிள்ளை பார்க்கப் போனால் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். இங்கே மாப்பிள்ளையே தன் குறையை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். பொய் சொன்னால் திட்ட மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனாலும் மறைக்கிறவர்கள் இருக்கலாம். அதனால் அந்தப் பட்டியலில் உள்ள பழைய கட்டடம் ஒன்றுக்கு நேரில் போய், வாட்ச்மேனிடமும் குடியிருப்பவர்கள் இரண்டு பேரிடமும் பேசிவிட்டு வாருங்கள். 'தண்ணி ஒழுகுதா? சொன்னா வந்து பார்க்கிறாங்களா?' என்ற இரண்டு கேள்வி போதும்.

கூடவே இரண்டு தேதிகளை ஒப்பிடுங்கள். வேலை முடியும் என்று ஆணையத்திடம் பில்டர் சொன்ன தேதி ஒன்று, உங்களிடம் வாயால் சொல்லும் தேதி மற்றொன்று. 'அடுத்த தையில் கிரகப்பிரவேசம்' என்று முகவர் சொல்வார், இணையதளத்தில் அதற்குப் பிறகு இரண்டு வருடம் தள்ளி ஒரு தேதி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். வாய்ப்பேச்சுக்கு வட்டி கிடைக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பில்டர் அங்கே பதிவேற்றவும் வேண்டும். அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தால், அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

பணம் எப்போது, எவ்வளவு

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இது பதின்மூன்றாம் பிரிவு. 'ஆபர் இந்த வாரம் முடியுது, முப்பது பர்சன்ட் போட்டுடுங்க, அக்ரிமென்ட் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒருவர் சொன்னால், சட்டத்தை மீறத் தயாராக இருப்பவர் என்று அவரே உங்களிடம் சொல்லிவிட்டார். வேறு சோதனை தேவையில்லை.

வாங்குகிறவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று இன்ஜினியர், கட்டட வடிவமைப்பாளர், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால் அந்த அளவுக்குத்தான் எடுக்க முடியும். தாம்பரத்தில் வசூலித்த பணத்தைக் கோவையில் நிலம் வாங்கப் போடும் பழக்கத்தை ஒடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எனவே காசோலை எழுதும்போதோ பணம் அனுப்பும்போதோ, பதிவில் காட்டியிருக்கும் அதே கணக்குதானா என்று பாருங்கள். வேறு நிறுவனத்தின் பெயரிலோ பங்குதாரரின் சொந்தக் கணக்கிலோ போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பரப்பளவுக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரெராவில் பேச்சு கார்பெட் ஏரியா மட்டும்தான். வீட்டுக்குள் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் தரைப்பரப்பு அது. உள் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. கணக்குக்காகச் சொல்கிறேன்: 72 லட்ச ரூபாய் வீட்டை, சுவர்களும் படிக்கட்டு போன்ற பொது இடங்களில் ஒரு பங்கும் சேர்த்து 'சூப்பர் பில்ட்-அப் 1,200 சதுர அடி' என்றால் சதுர அடி 6,000 ரூபாய் போலத் தெரியும். கார்பெட் ஏரியா 840 என்றால் அதே வீடு சதுர அடி 8,571 ரூபாய். இரண்டு பில்டர்களை ஒப்பிட வேண்டுமென்றால் கார்பெட்டை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள்.

சொன்னபடி நடக்காவிட்டால்

ஒப்பந்தத் தேதியில் வீடு கைக்கு வரவில்லை என்றால் முடிவு உங்களுடையது. விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது காத்திருந்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். விளம்பரத்தில் நீச்சல் குளம் காட்டிவிட்டு அங்கே ஜெனரேட்டர் அறை கட்டினாலும் கேள்வி கேட்க உரிமை உண்டு. அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் வீட்டை மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். பொது இடங்களை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும்.

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். மொட்டை மாடி ஒழுகல், சுவர் விரிசல், குளியலறை ஓதம் எல்லாம் இதில் வரும். நிறையப் பேர் முதல் மழையில் ஒழுகியதும் தாங்களே ஆள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். முதலில் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

புகாரை ஆணையத்திடம் 'எம்' படிவத்தில் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு மட்டும் கேட்பதானால் தீர்ப்பு அலுவலரிடம் 'என்' படிவம். தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். பணம் கட்டச் சொல்லும் ஆணைக்கு எதிராகப் பில்டர் மேல்முறையீடு செய்தால், வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகையை முதலில் அங்கே கட்டிவிட்டுத்தான் பேச முடியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆணை வாங்குவது ஒரு வேலை, பணம் கைக்கு வருவது வேறு வேலை. பில்டர் தராவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல வருவாய்த் துறை வழியாகத்தான் வசூலிக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாத பில்டரிடம் எதைப் பிடுங்குவது? அதனால்தான் அந்த ஐந்தாண்டுப் பட்டியலை முன்னாலேயே படியுங்கள் என்கிறேன்.

சொந்த மனை, பழைய வீடு

இனி ரெரா வராத இடம். உங்கள் மனையில் ஒரு காண்ட்ராக்டரை வைத்து வீடு கட்டுகிறீர்கள், விற்பனை என்ற பேச்சே இல்லை. அப்போது அவர் சட்டத்தின் கண்ணில் பில்டரே அல்ல. புதுப்பிக்கும் வேலையையும் பழுதுபார்ப்பையும், அதில் விற்பனையோ விளம்பரமோ இல்லாதவரை, மூன்றாம் பிரிவே வெளிப்படையாக விலக்கிவிடுகிறது.

இங்கே உங்களுக்குத் துணை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 'சேவை' என்பதன் விளக்கத்திலேயே வீடு கட்டுமானம் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நுணுக்கம்: காண்ட்ராக்ட் பேசி, ஒருவர் பொறுப்பேற்றுக் கட்டித் தந்தால்தான் அது சேவை. கொத்தனாரையும் சித்தாளையும் நீங்களே தினக்கூலிக்கு அமர்த்தி, பக்கத்தில் நின்று வேலை வாங்கினால், நாளைக்குச் சுவர் கோணிப்போனதற்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். தினக்கூலியில் செலவு மிச்சம் என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் நண்பர்களுக்குச் சொல்லும் யோசனை ஒன்றுதான். ரெரா உங்களுக்குப் பொருந்தாவிட்டால், அதன் விதிகளை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை. மீதி கடைக்கால், பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் கட்டை), தளம், பூச்சு என்று வேலை முடிய முடிய. ஒவ்வொரு கட்டத்தையும் காண்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. முடிக்கும் தேதி, தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு, ஒழுகலுக்கும் விரிசலுக்கும் ஐந்தாண்டுப் பொறுப்பு. கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைப்பது. இதற்கெல்லாம் நல்ல காண்ட்ராக்டர் பேரம் பேசுவார், சிலவற்றைக் குறைக்கச் சொல்வார். ஆனால் எழுதவே மாட்டேன் என்று எழுந்து போகமாட்டார்.

என் நண்பர் ஒருவர் லிண்டல் மட்டத்திலேயே எண்பது சதவீதப் பணத்தைக் கொடுத்துவிட்டார். 'கம்பி விலை ஏறுது, முன்னாடியே வாங்கிப் போட்டுடலாம் அண்ணே' என்று கேட்டதற்காக. கம்பியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கம்பி உண்மையிலேயே வேண்டுமென்றால் கடைக்காரருக்கு நேராகப் பணம் அனுப்பி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

சதுர அடி ரேட்டில் எது அடங்கும் என்பதையும் எழுதுங்கள். கழிவுநீர்த் தொட்டி, சம்ப், காம்பவுண்டு சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகிய நான்கும்தான் பின்னால் 'எக்ஸ்ட்ரா' ஆக முளைக்கும். சிமென்ட், கம்பி, ஒயர், குழாய் என்ன பிராண்டு, டைல்ஸ் சதுர அடி எவ்வளவு விலை வரை என்பதும் வேண்டும். புதுப்பிக்கும் வேலையில் இன்னொரு வரி: சுவரை உடைத்த பிறகு எதிர்பாராத பழுது தெரிந்தால், எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் கூடுதல் செலவு செய்யக் கூடாது.

'பிளான் அப்ரூவல் நான் பார்த்துக்கிறேன்' என்று காண்ட்ராக்டர் சொன்னாலும் அனுமதிக் கடிதத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். சுயசான்று என்றால் பொறுப்பு உங்களுடையது. வரைபடத்தை மீறிக் கட்டினால் நோட்டீஸ் வருவது வீட்டுக்காரருக்கு, மேஸ்திரிக்கு அல்ல.

தகராறு முற்றினால், கொடுத்த தொகை 50 லட்ச ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இணையத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. 'அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்' என்று காண்ட்ராக்டர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்களும் அந்த இரண்டு ஆண்டில்தான் கழியும். ஆகவே இரண்டாவது முறை ஏமாற்றியதுமே குறைகளை வரிசையாக எழுதி, படங்களை இணைத்து, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.