முன் கண்ணாடி மாற்றும் வேலையைச் சேர்க்கும் முன்

கார் கண்ணாடியில் கல் பட்டுத் தெறித்த சில்லுக்குப் பிசின் ஏற்றி, புற ஊதா விளக்கு காட்டிச் சீக்கிரமே வண்டியை அனுப்பிவிடும் கடைக்காரர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: “முன் கண்ணாடியை மாற்றித் தரும் வேலையையும் எடுத்துக்கொள்ளலாமா?” தாராளமாக எடுக்கலாம். ஆனால் சில்லு அடைப்பது கைகூடாவிட்டால் ஒரு கண்ணாடிதான் போகும். மாற்றும் வேலையில் தவறினால் உயிரே போகலாம்.

இன்றைய கார்களில் முன் கண்ணாடி வண்டியின் கட்டமைப்பில் ஒரு பகுதி. வண்டி உருளும்போது கூரை நசுங்காமல் தாங்க அதுவும் துணை நிற்கிறது. பல கார்களில் பயணியின் பக்கத்து ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் ஆள் பக்கம் திரும்பும். பசை விட்டுப்போனால் கண்ணாடி வெளியே பறக்கும், ஏர்பேக்குக்கும் முட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்காது. இந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது ஓரத்தில் ஓடும் யூரித்தேன் பசைதான்.

அதனால் கை பழக வேண்டியது கண்ணாடியைத் தூக்கி வைப்பதில் அல்ல, ஓரத்தைத் தயார் செய்வதில். பழைய பசையை அடியோடு சுரண்டக் கூடாது. 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை விட்டுச் சீவினால், புதுப் பசை அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டுப் பெயிண்ட் கீறி இரும்பு தெரிந்தால், அந்த இடத்துக்கு அப்போதே பிரைமர் எனும் அடிப்பூச்சைப் பூச வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டால், துரு பசைக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பிடிப்பையே தூக்கிவிடும். புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைச் சுத்தம் செய்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், அங்கே ஒட்டாமல் போக. பசைக் குழாயின் காலாவதித் தேதியையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்தது காயும் நேரம். பெரும்பாலான கடைகள் சறுக்குவது இங்கேதான் என்பேன். ஒற்றைக் குழாய் யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். குளிரும் வறட்சியும் சேர்ந்தால் நேரம் நீளும். வண்டியைப் பாதுகாப்பாக ஓட்ட எத்தனை நேரம் ஆகும் என்பதைத் தயாரிப்பாளர் வெப்பநிலை வாரியாகக் கொடுத்திருப்பார். சிலவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, சிலவற்றுக்குப் பல மணி நேரம். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், “மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன்” என்பார். எதிரே வருபவர் மெதுவாக வர வேண்டுமே! வேலையை ஒப்புக்கொள்ளும்போதே வண்டி எப்போது கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் இறங்கி வராதீர்கள்.

பிறகு கேமரா. ஓட்டுநருக்கு உதவும் கேமரா பல வண்டிகளில், பின்னால் வருவதைக் காட்டும் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் முன் கண்ணாடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோணம் 1 டிகிரி விலகினாலே 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். தன்னால் பிரேக் பிடிக்கும் வசதியும் தடம் காக்கும் வசதியும் அந்தப் பார்வையை நம்பித்தான் இயங்குகின்றன. எனவே கண்ணாடி மாற்றியதும், வண்டித் தயாரிப்பாளர் சொன்ன முறையில் கேலிபரேஷன், அதாவது கேமராவின் கோணத்தைச் சரிப்படுத்தும் வேலை, செய்தாக வேண்டும். சில வண்டிகளுக்குப் பட்டறைக்குள் இலக்குப் பலகை வைத்து, சிலவற்றுக்குச் சாலையில் ஓட்டி, சிலவற்றுக்கு இரண்டும். அதற்கான கருவி வாங்க இப்போது கையில் பணம் இல்லையா? சரி, அது வைத்திருப்பவரோடு முதலிலேயே பேசி வையுங்கள். “எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, அதனால் பரவாயில்லை” என்று மட்டும் அனுப்பாதீர்கள். விளக்கு எரியாமலேயே கோணம் தவறியிருக்கலாம்.

கண்ணாடி வாங்கும்போது மழை சென்சார், சத்தம் குறைக்கும் படலம், கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் வசதி எல்லாவற்றையும் வண்டியின் அடையாள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். மாற்றும் வேலையில் பணம் அதிகம் என்பதால், அடைக்கக்கூடிய சில்லையும் மாற்றச் சொல்லும் ஆசை வரும். சில்லு சிறியது, ஓட்டுநரின் நேர்ப் பார்வையில் இல்லை, ஓரத்தைத் தொடவில்லை என்றால் அடைத்துக் கொடுங்கள். தொழிற்சாலையில் ஒட்டிய பசை அப்படியே இருப்பது அவருக்கு நல்லது.

தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பிறகே தனியாக இறங்குங்கள். பசையின் தொகுதி எண், கண்ணாடி பொருத்திய நேரம், வண்டியை ஓட்டலாம் என்ற நேரம், கேலிபரேஷன் முடிவு நான்கையும் வேலைச் சீட்டில் எழுதி, வாடிக்கையாளரிடம் ஒரு நகல் கொடுங்கள்.