பெடியனுக்குக் கைகால் விறைக்குதெண்டா செம்பையும் யோசியுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பள்ளிக்கூடம் போற ஒரு பெடியன்ர கையெழுத்து வரவரக் கெட்டு, கதை தடக்குப்பட்டு, வீணி வடிஞ்சு, கையும் காலும் விறைச்சுக்கொண்டு வந்தா ஒண்டில் வாதம் எண்டுவினம், இல்லாட்டி ஆரோ செய்வினை வச்சிட்டினம் எண்டுவினம், பிறகு நூல் கட்டுறதும் எண்ணெய் போடுறதுமா மாசக்கணக்கில போயிடும். எனக்கு இதிலதான் வயிறெரியிறது, ஏனெண்டா அது உடம்பில செம்பு தேங்கிற வில்சன் நோயெண்டா அந்த மாசங்களுக்குள்ளதான் மூளை பழுதாகுது.

மரபணுவால வாற விறைப்பு கனவகை. அதில வில்சன் நோய்க்கு மருந்து இருக்குது, அதாலதான் இதை எழுதுறன். 1912ல கின்னியர் வில்சன் எண்ட நரம்பியல் டொக்டர் இந்த நோயை விபரமா எழுதினவர்.

சாப்பாட்டால எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்டு ரெண்டு மில்லிகிராம் செம்பு உள்ள போகுது, மிஞ்சினதை ஈரல் பித்தத்தோட வெளியில தள்ளும். அந்த வேலைக்குரிய ஏடிபி7பி மரபணு 13ஆம் நிறமூர்த்தத்தில இருக்குது, அதின்ர ரெண்டு பிரதியும் பழுதெண்டா செம்பு ஈரலுக்கையே தேங்கி, பிறகு ரத்தத்தில கலந்து மூளைக்கும் போயிடும். எந்தத் தசை இறுக வேணும், எது இளக வேணும் எண்டு அளவு பாக்கிற இடம் மூளையின்ர ஆழத்தில இருக்குது. அதைச் செம்பு கெடுத்தா மடக்கிற தசையும் நீட்டுற தசையும் ஒண்டா இறுகி நிக்கும். டொக்டர் முழங்கையைப் பிடிச்சு மெல்ல மடக்கிப் பாக்கேக்க பல்லுச்சில்லு மாதிரி டக்கு டக்கெண்டு விட்டுவிட்டு மடங்கும். பிழை தசையில இல்லை, பிறகெப்பிடி எண்ணெய் தேய்ச்சு இளக்கிறது?

கனபேருக்கு கருவிழி விளிம்பில மண்ணிறமோ பச்சையோ ஒரு வளையம் தெரியும், கண் கிளினிக்கில லைட் அடிச்சுப் பாப்பினம். ரத்தத்தில செம்பைக் காவுற செருலோபிளாஸ்மின் எண்ட புரதம், 24 மணித்தியால மூத்திரத்தில செம்பு, இதுகளையும் பாக்க வேணும்.

செம்பைப் பிடிச்சு மூத்திரத்தால வெளியேத்துற பெனிசிலமினை 1956ல ஜோன் வால்ஷ் கொண்டுவந்தவர். தொடக்கத்தில விறைப்பு கொஞ்சம் கூடவும் கூடும், அதுக்காக நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ, டொக்டரிட்டச் சொல்லுங்கோ. மருந்து ஆயுசுக்கும் வேணும். ஈரல், நண்டு, கணவாய், கஜு எல்லாத்தையும் தள்ளி வைக்கவேணும், முல்லைத்தீவில நண்டை விடச் சொல்லுறது லேசில்லை எண்டு தெரியும், எண்டாலும் விடத்தான் வேணும்.

தாய் தேப்பன் ரெண்டுபேரும் ஒவ்வொரு பழுதுப் பிரதியை வச்சிருப்பினம், அவைக்கு ஒரு வருத்தமும் இராது, ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வாய்ப்பு, மச்சான் மச்சாளைக் கட்டுற குடும்பங்களில இப்பிடி ரெண்டுபேர் சேருற சாத்தியம் கூட. அதால ஒரு பிள்ளைக்கு உறுதியாச்செண்டா நல்லா ஓடியாடித் திரியிற தம்பி தங்கச்சியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதியுங்கோ, விறைப்புத் தொடங்க முன்னமே கண்டுபிடிச்சா சிங்க் குளிசையோட மட்டும் சமாளிக்கிற பிள்ளையளும் இருக்கினம்.