கண்ணாடியில் காயாத ஆவி

தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டைமாடி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் கையில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று இருந்தது. வேப், அதாவது மின்சிகரெட். "சிகரெட் இல்ல மாமா, வெறும் ஆவிதான்" என்றான். நான் திட்டவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, அதன்மேல் ஊதச் சொன்னேன்.

நாலைந்து முறை ஊதினான். கண்ணாடி மங்கியது. இட்லிப் பானை மூடியில் கோத்து நிற்கும் நீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இது காயவில்லை. விரலால் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டியது, மாம்பழ வாசனையோடு.

உள்ளே நடப்பது இதுதான். வாயால் இழுத்ததும் காற்று நகர்வதை ஒரு சென்சார் உணர்ந்து பேட்டரியை இயக்குகிறது. மெல்லிய கம்பிச்சுருள் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. சுருளை ஒட்டிய பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகி, காற்று பட்டதும் மிக நுண்ணிய துளிகளாகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை அந்தத் துளிகள்தான். அதில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், நிகோடின் எல்லாம் இருக்கும். சூட்டில் கிளிசரின் சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் என்ற நச்சுப் பொருட்கள் வரும். பஞ்சு காய்ந்து கருகல் வாசனை அடிக்கும்போது இவை எகிறும். கம்பியிலிருந்து நிக்கலும் குரோமியமும்கூடக் கலக்கலாம்.

புகையிலை எரிவதில்லை, அதனால் சிகரெட்டில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் என் அக்கா மகன் சிகரெட்டை விடுவதற்காக இதைத் தொட்டவன் இல்லை. சிகரெட்டையே தொடாதவன்.

எனக்குப் பெரிய கவலை நிகோடின்தான். பள்ளியில் படித்திருப்போம்: அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. நிகோடின் ஒரு காரம். அதை அப்படியே அதிக அளவில் இழுத்தால் தொண்டை எரியும், இருமல் பிய்த்துக்கொண்டு வரும். முதல் பீடியில் பலரும் இருமியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எரிச்சல் உடம்பு போடும் காவல். இப்போது வரும் பல வேப்களில் நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கிவிடுகிறார்கள். காரம் தணிகிறது, தொண்டை எதிர்ப்பதில்லை. 5 சதவீதத் திரவத்தைக்கூட சர்வசாதாரணமாக இழுக்க முடிகிறது. அதாவது ஒரு மில்லிலிட்டரில் சுமார் 50 மில்லிகிராம் நிகோடின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் ஏறுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். சிகரெட் பஞ்சு வரை எரிந்தால் முடிந்தது. இதற்கு அப்படி ஒரு முடிவே இல்லை. படிக்கும்போதும் படுக்கும்போதும் கை தானாகப் போகும்.

இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய், அசிடைல்கோலின் என்ற மூளை ரசாயனம் உட்கார வேண்டிய ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்கிறது. இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் சுரக்கிறது, மனசு லேசாகிறது. திரும்பத் திரும்ப நடந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம். அப்புறம் காலியான ஏற்பிகள் கேட்க ஆரம்பிக்கும்: எரிச்சல், படபடப்பு, பாடத்தில் கவனம் நிற்காது. "டென்ஷன் குறையுது மாமா" என்று அவன் சொன்னதில் பாதி, அதுவே உண்டாக்கிய டென்ஷன். நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி முதிர 25 வயது வரை ஆகும். அவனுக்கு 19.

தமிழ்நாட்டில் 2018-லும், நாடு முழுக்க 2019-லும் இதன் விற்பனை தடை செய்யப்பட்டது. திருட்டுத்தனமாக வருவதால் லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றையே சுவாசித்து வளர்ந்த நுரையீரலுக்கு இது எதற்கு என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

அவன் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிறவன். நிகோடின் இதயத் துடிப்பைக் கூட்டும், ரத்தக் குழாயைச் சுருக்கும் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். விட்டால் முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம், சில வாரங்களில் அடங்கிவிடும், புகையிலையை விடுவதற்கான இலவச எண் 1800-11-2356 இருக்கிறது என்றேன்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு மாமா."

"சரி, திங்கட்கிழமை ஆரம்பி. நானும் வரேன்."