உறுதியா, பேர்மிட்டா?

வன்னியில் காணிப் பேச்சு எழுந்தால் முதற்கேள்வி “உறுதியா, பேர்மிட்டா?” என்பதுதான். உறுதி என்றால் சொந்தக் காணிப் பத்திரம், பேர்மிட் என்றால் அரச காணிக்கான அனுமதிப் பத்திரம். பேர்மிட்காரர் விதைக்கலாம், வேலி அடைக்கலாம். பிரதேச செயலாளர் சம்மதிக்காமல் இன்னொருவர் பெயருக்கு மாற்ற 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் விடாது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேவரில் கோப்பு வைத்திருப்பவர் நிலையும் இதுதான். யாரை உள்ளே விடுவது என்பதை ‘சீமொட்’ கட்டளையால் அவரே தீர்மானிக்கலாம். உரிமையாளரை மாற்றும் ‘சீஓன்’ கட்டளையோ ‘ரூட்’ எனும் தலைமை நிர்வாகியின் கையில். இல்லாவிட்டால், தன் பங்கு வட்டு நிரம்பியதும் கோப்புகளை அடுத்தவர் கணக்கில் தள்ளிவிடலாம் அல்லவா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் இணையத்தளத்தில் படம் ஏறவில்லை. தளத்தைப் பராமரிக்கும் தம்பி படக் கோப்புறைக்கு 777 போட்டார், அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும். “அண்ணை, வேலை செய்யுது!” செய்யும்தான். படலையைக் கழற்றி வைத்தால் லான்ட்மாஸ்ரரும் வரும், கட்டாக்காலி மாடும் வரும்.

வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று இலக்கமும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர். கோப்புறையில் அந்த 1 உள்ளே கால் வைப்பதற்கு. வலைப் பக்கத்தைப் பரிமாறும் ‘அப்பாச்சி’ மென்பொருள் தம்பியின் பெயரில் ஓடுவதில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அதற்குத் தனிப் பயனர், எண் 33. தம்பியின் 755 கோப்புறைக்கு அது ‘மற்றவர்’. நுழையும், வாசிக்கும், எழுதாது. படம் ஏறாதது அதனால்தான்.

பலர் சறுக்குவது அழித்தலில். கோப்பை 444 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கோப்புறை ஒரு பெயர்ப் பட்டியல். அழிப்பதென்றால் அதில் ஒரு பெயரை வெட்டுவது. ஆகவே பார்க்கப்படுவது கோப்புறையின் எழுத்து அனுமதி, கோப்பினது அல்ல. எல்லோரும் எழுதும் ‘ரெம்ப்’ எனும் தற்காலிகக் கோப்புறைக்கு 1777 வைப்பது இதற்காகத்தான்: முன்னால் நிற்கும் 1, அடுத்தவர் கோப்பை அழிக்க விடாது.

இரண்டு கிழமையில் அறுவடைப் படங்களுக்கு நடுவே ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சேவரில் ஓடக்கூடிய நிரல், கிடந்தது. உரிமையாளர் தம்பியும் இல்லை, அப்பாச்சியும் இல்லை. அதே வாடகைச் சேவரில் இருக்கும் வேறொரு தளத்தின் கணக்கு. அங்கே புகுந்த யாரோ வேலி தாண்டியிருக்கிறார்.

அதை நீக்கி, ரூட்டாக நுழைந்து, படக் கோப்புறையை மட்டும் அப்பாச்சியின் பெயருக்கு மாற்றி 755 போட்டேன். கடவுச்சொல் உள்ள கோப்புக்கு 640, குழு அப்பாச்சியினது, கடவுச்சொல்லையும் மாற்றினோம். “முழுத் தளத்தையும் அதின்ர பேருக்கு எழுதினா சுகம்தானே?” என்றார் தம்பி. மறுத்துவிட்டேன். நாளைக்குத் தளத்தில் சேர்த்த ஒரு செருகுநிரலில் (பிளகின்) ஓட்டை விழுந்தால், அப்பாச்சியின் பெயரில் உள்ள அத்தனையையும் அந்த ஓட்டை வழியாகத் திருத்தலாம். படக் கோப்புறைக்குள் பிஎச்பி ஓடாதபடி ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் எழும்பினேன்.