எந்திரம் சொன்னதற்கு யார் பொறுப்பு?

சட்ட ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இப்போது வெறுங்கையோடு வருவதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிய நோட்டீஸ் ஒன்று கையில் இருக்கிறது. நடை சீராகவே இருக்கும். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த வாடகைத் தகராறு நோட்டீஸில் மூன்று தீர்ப்புகள் காட்டப்பட்டிருந்தன. வாதி, பிரதிவாதி பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் என்று ஒன்றும் குறையில்லை. முதல் தீர்ப்புக்கு உரிய தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தால், அங்கே ஏதோ ஒரு வரி வழக்கின் நடுப்பகுதி. மற்ற இரண்டும் எந்தத் திரட்டிலும் இல்லை. “நான் எழுதவில்லையே, செயலிதானே கொடுத்தது” என்றார். ஆனால் கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் அவருடைய பெயரில்தான் இருந்தது.

வழக்கறிஞர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு விமான நிறுவனத்தின் மீதான இழப்பீட்டு வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தது நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம். இது 2023 ஜூனில் நடந்தது. அவர்களில் ஒருவர் அந்தச் செயலியிடமே “இவை உண்மையான வழக்குகள்தானா?” என்று கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி. இத்தகைய கருவியைப் பயன்படுத்தியதையே நீதிபதி குற்றமாகக் கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சரிபார்க்காமல் தாக்கல் செய்ததும், கேள்வி எழுந்த பிறகும் அந்தத் தீர்ப்புகளைக் கைவிடாமல் நின்றதும்தான் அவர்களைச் சிக்க வைத்தன.

பெரிய நிறுவனங்கள் இதே சாக்கைக் கொஞ்சம் அலங்கரித்துச் சொல்கின்றன. பாட்டி இறந்ததையொட்டி விமான டிக்கெட் எடுக்க முயன்ற ஒரு பயணியிடம், ஏர் கனடாவின் இணையதள உரையாடல் செயலி, முழுக் கட்டணத்தில் பயணம் செய்துவிட்டு 90 நாள்களுக்குள் துக்கக்காலச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அதே தளத்தின் வேறொரு பக்கம், பயணத்துக்குப் பின் சலுகை கிடையாது என்றது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, அந்தச் செயலி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையில் நிறுவனம் வாதாடியது. துணிச்சலான வாதம்தான். தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது தீர்ப்பாயம். தளத்தின் ஒரு பகுதி சொன்னதை வாடிக்கையாளர் ஏன் இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் கேட்டது. வட்டியும் கட்டணமும் சேர்த்துப் பயணிக்குக் கிடைத்தது சுமார் 812 கனடிய டாலர். தொகை சிறியது. ஆனால் அவரிடம் அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. அது இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

கடனோ வேலையோ மறுக்கப்படும்போது சொல்லப்படும் “கணினி ஏற்கவில்லை” என்ற பதிலும் இந்த ரகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைக் கடுமையாகப் பாதிக்கும் முடிவை, சில விதிவிலக்குகள் தவிர, முழுக்க எந்திரத்திடம் விட்டுவிடுவதைத் தடுக்கிறது. அங்கே, ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று கணித்து வங்கிகளுக்கு மதிப்பெண் கொடுக்கும் நிறுவனம் ஒன்று ஒரு வழி கண்டுபிடித்தது: மதிப்பெண் போடுவது மட்டும்தான் நாங்கள், முடிவெடுப்பது வங்கி என்றது. அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி வங்கி முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதும் தானியங்கி முடிவுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. எந்த நாட்டில் இருந்தாலும் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே தட்டிக்கழிப்பார்கள்.

பழியைப் போலவே பெருமையும் எந்திரத்துக்குக் கிடையாது. கண்டுபிடிப்பாளர் என்று செயற்கை நுண்ணறிவின் பெயரைப் போட்டுக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2023இல் நிராகரித்தது.

இனி, நடைமுறையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஒருவரின் குரலையும் முகத்தையும் போலியாக உருவாக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் உண்மையான ஒலிப்பதிவை எதிர்கொள்கிறவரும் “அது என் குரலே இல்லை, செயற்கையாகச் செய்தது” என்று சொல்லிப் பார்க்கிறார். அப்போது பதிவை நிரூபிக்கும் சுமை, அதைக் கொண்டுவந்தவர் தலையில் விழுகிறது. அவர் கையில் இருப்பதோ பெரும்பாலும் நண்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, அவர் திருப்பி அனுப்பிய நகல். கோப்போடு பதிந்திருந்த நேரம், இடம், கருவி பற்றிய விவரங்கள் அப்படி அனுப்பும்போதே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மூலப் பதிவு இருந்த போனையோ பழையதென்று மாற்றியிருப்பார்.

தகராறு வரும் என்று தோன்றிய உடனேயே அந்த போனை விற்கவோ, உள்ளிருப்பதை எல்லாம் அழித்துப் புதியதுபோல் ஆக்கவோ (ஃபேக்டரி ரீசெட்) வேண்டாம். மூலக் கோப்பை அப்படியே நகலெடுத்து, அதன் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிட்டுத் தரும் ஹாஷ் மதிப்பு என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், பிற்பாடு கைவைக்கவில்லை என்று காட்ட அதுவே உதவும். எப்போது, எந்தக் கருவியில், யார் முன்னிலையில் பதிவானது என்பதை நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஒப்புதல் இல்லாமல் உரையாடலைப் பதிவு செய்வதே சில இடங்களில் குற்றம், ஆகவே அதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, தெளிவாகக் கேட்கட்டும் என்று இரைச்சலை நீக்கி, தேவையற்ற பகுதியை வெட்டிக் கொண்டுவராதீர்கள். நாய் குரைப்பதும் பின்னால் தொலைக்காட்சி ஓடுவதும் அப்படியே இருக்கட்டும். தடய நிபுணருக்கு அவையும் தடயங்கள்தான்.