எந்த வில்சன்?

இந்த வாரமும் ஒரு மாணவர் கட்டுரையைக் கொண்டுவந்தார். பெருவெடிப்பின் மிச்சமாக விண்வெளி எங்கும் பரவியிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சைப் பற்றியது. கண்டறிந்தவர் என்று போட்டிருந்த படத்தில் இருப்பவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன்! கேட்டால், "நோபல் வாங்கிய வில்சன்தானே சார்?" என்கிறார்.

நூலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிதல்ல. ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு.

அதிபர் வாங்கியது 1919ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசு. கதிர்வீச்சுக்காக 1978இல் சக ஆய்வாளர் பென்சியாசுடன் பரிசு பெற்றவர் ராபர்ட் உட்ரோ வில்சன். நடுவில் அதே 'உட்ரோ' இருப்பதால் குழப்பம் வரும்தான். ஆனால் அதிபர் 1924லேயே காலமானார், ராபர்ட் பிறந்ததே 1936இல். ஆண்டைப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

பெயரும் பரிசும் ஒத்துப்போனால் ஆளும் அவர்தான் என்று நினைப்பதுதான் தொல்லையே. சரி, 'இயற்பியல்' என்று சேர்த்துத் தேடினால் தீருமா? தீராது. துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறைக்காக 1927இல் சி. டி. ஆர். வில்சன், 1982இல் கென்னத் வில்சன். மூன்று வில்சன்கள், ஒரே துறை, ஒரே பரிசு. உயிரியலுக்குப் போனாலும் இதே கதை: எறும்புகளை ஆராய்ந்தவர் இ. ஓ. வில்சன், உயிரணுவை ஆராய்ந்தவர் இ. பி. வில்சன். தென்துருவப் பயணி ஸ்காட்டோடு அண்டார்க்டிகா போய் 1912இல் அங்கேயே இறந்த விலங்கியலாளரும் எட்வர்ட் வில்சன்தான். 'இ. வில்சன்' என்று சுருக்கிவிட்டு என்னிடம் நூல் கேட்காதீர்கள்.

இவர்களையெல்லாம் உறவாக்குபவர்கள் தனி ரகம். கலிபோர்னியாவில் வானாய்வகம் இருக்கும் மவுண்ட் வில்சன் மலைக்கு அதிபரோடு சம்பந்தமில்லை, அது பெஞ்சமின் வில்சன் பெயரில் வந்தது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய், அதை 1912இல் விவரித்த கின்னியர் வில்சனுடையது. பகா எண்களைப் பற்றிய வில்சன் தேற்றத்தையோ ஜான் வில்சன் நிறுவவே இல்லை, நிறுவியவர் லக்ராஞ்சி.

நாங்கள் நூற்பட்டியலில் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பது அழகுக்காக அல்ல. நீங்களும் முழுப்பெயர், ஆண்டு, துறை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்தை வெட்டாதீர்கள். தேடுபொறி முதலில் காட்டும் படத்தை அப்படியே ஒட்டாதீர்கள், அது பிரபலமானவரைத்தான் முதலில் தள்ளும். ஆய்வு எழுதுபவர்கள் ஆர்க்கிட் (ORCID) எனும் ஆய்வாளருக்கான தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

படம் யாருடையது என்று உறுதியாகவில்லையா? அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள், தயவுசெய்து.