வீடியோ போடுவதற்கு முன் மனுப் போடுங்கள்

கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு மனுச் செய்து தரும் முகவராகிய என்னிடம் வருபவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் கைத்தொழில்காரர்கள். விசைப்படகு வின்ச்சில் வலை சிக்காமலிருக்க ஏதோ ஒன்றை மாற்றியவர், சாரம் கட்டாமல் உயரச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கோல் செய்தவர், எஞ்சினுக்கு அடியில் கை நுழையாத இடத்து போல்ட்டைக் கழற்றத் தனியாக ஒரு ஸ்பேனரை வளைத்தவர். இவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும் சார்?" நான் முதலில் கேட்பது, "இதை இதுவரை யார் யாரிடம் காட்டினீங்க?"

பலர் சந்தோஷமாகச் சொல்வார்கள்: "யூடியூப்ல போட்டேன் சார், நல்லா போகுது." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

மனுச் செய்யும் நாளுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்ட பொருளுக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. தெரியப்படுத்தியவர் கண்டுபிடித்தவரே என்றாலும் அதே கதிதான். வீடியோவும் வெளியீடுதான். நாலு பேருக்குச் செய்து விற்றதும் உங்களுக்கு எதிரான சாட்சிதான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஊர் அறிவுரையை இணையத்தில் படித்துவிட்டு, "இன்னும் ஆறு மாசம் இருக்கே" என்று வருகிறார்கள். இங்கே மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டுவது போன்ற மிகச் சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அதற்கும் 12 மாதம்தான் கெடு.

இவ்வளவு வருத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. நல்ல கண்டுபிடிப்பு பெரும்பாலும் பட்டறையில்தான் பிறக்கிறது. 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள்தான் மோஸ்தர். ஒரு நிறம் அடித்து, அதைக் காகிதத்தால் மூடி ஒட்டி, அடுத்த நிறம் அடிக்க வேண்டும். காகிதத்தை உரிக்கும்போது கீழிருந்த பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். பெயின்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். செயின்ட் பால் நகரில் அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு உப்புத்தாள் மாதிரிகள் கொண்டுபோன 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ இதைப் பார்த்தார். பெயின்ட்டைப் பெயர்க்காத ஒட்டுப்பட்டை ஒன்றைச் செய்யத் தொடங்கினார். சுருக்கமுள்ள கிரேப் காகிதத்தில் பசை தடவி 1925இல் அவர் கொண்டுவந்ததுதான் மாஸ்கிங் டேப். 1930இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சிக்கலைத் தினமும் அனுபவித்தவர்கள் பெயின்டர்கள். உரிமையோ, வேடிக்கை பார்க்க வந்து விடாமல் உழைத்தவரின் நிறுவனத்துக்குப் போனது.

கடலில் கதை வேறு. குரோஷியாவில் பிறந்து கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவில் மீன்பிடித்த மரியோ பூரெட்டிக் தானே மீனவர். மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையை ஆள் கூட்டமே சேர்ந்து கையால் இழுத்த காலத்தில், இயந்திர விசையில் சுழலும் பெரிய கப்பி ஒன்றை உயரத்தில் தொங்கவிட்டு வலையை அதன்மேல் ஏற்றி இழுக்கலாம் என்று கண்டார். 1950களில் காப்புரிமை பெற்றார். சியாட்டிலில் ஒரு நிறுவனம் தயாரித்து விற்க, உலகின் மீன்பிடித் தொழிலே மாறிப்போனது. (சுருக்குமடியால் கடல் வறண்டுபோகிறது என்ற வழக்கு நம் கரையில் இன்னும் ஓயவில்லை. 2000இல் தமிழ்நாடு அதைத் தடை செய்தது. அந்தக் கவலை நியாயமானது. தனியாக எழுத வேண்டியது.)

சரி, செலவு. பொருள் முழுமையாகத் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதல்கட்ட எழுத்தோடு, மனுச் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனிநபர் இணையவழியில் செய்தால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். சென்னை கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். முதல் மனுத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் பரிசீலனை கேட்க இன்னொரு 4,000 ரூபாய். முகவர் கட்டணம் தனி. அதுதான் உண்மையில் பெரிய செலவு, மறைக்க மாட்டேன். முறையான படிப்பில்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு காந்திநகரில் இயங்கும் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் மனுச் செய்ய உதவுகிறது. என்னிடம் வருவதற்கு முன் அங்கே எழுதிப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: தற்காலிகம் என்பதால் அரைப் பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். அதில் எழுதாத பாகத்துக்கு அந்தத் தேதி உதவாது.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை கிடைத்துவிடாது. ஸ்பேனர் கைப்பிடியில் டார்ச் பொருத்தினால் ஸ்பேனர் ஸ்பேனர் வேலையையும் டார்ச் டார்ச் வேலையையும் செய்கின்றன. சட்டத்தின் 3(எஃப்) பிரிவு அதை ஏற்காது. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் கருவிக்கு மிர்சாபூர் நிறுவனம் ஒன்று பெற்ற காப்புரிமை, 1978இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. தொழில் தெரிந்தவர் யாரும் செய்யக்கூடிய பட்டறை மேம்பாடு அது என்றது நீதிமன்றம். ஆகவே முதலில் தேடிப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸிலும் நம் அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும் தேடுவது இலவசம். அங்கே காலாவதியான பழைய காப்புரிமைகளும் வரைபடத்தோடு கிடைக்கும். அவற்றில் சொல்லப்பட்டதை யாரும் செய்து விற்கலாம். நம் லேத் பட்டறைகள் இதை ஏன் தேடிப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

"உலகக் காப்புரிமை வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒன்று கிடையாது. மனு எண் கையில் வந்ததும் பொருளின் மேல் 'காப்புரிமை பெற்றது' என்று அச்சடிப்பதும் சட்டப்படி தவறு. 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

கடைசியாக, உரிமையை விற்கும்போது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில், சியர்ஸ் என்ற பெரிய கடைத் தொடரில் விற்பனையாளராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ் 1963இல், 18 வயதில், போல்ட்டைக் கவ்வும் முனையான சாக்கெட்டை ஒரு கையாலேயே கழற்றிவிடும் ராட்செட் ஸ்பேனரைக் கண்டுபிடித்தார். காப்புரிமைக்கும் முறையாக விண்ணப்பித்தார். அது பெரிதாக விற்காது என்று சொல்லி, விற்கும் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் 2 சென்ட், மொத்தம் 10,000 டாலருக்கு மேல் கிடையாது என்று சியர்ஸ் உரிமையை எழுதி வாங்கியது. பிறகு கோடிக்கு மேல் விற்றது. ராபர்ட்ஸ் வழக்குப் போட்டு, 1978இல் மேல்முறையீட்டிலும் பத்து லட்சம் டாலர் இழப்பீடு உறுதியாகி, 1989இல் சமரசமாக 82 லட்சம் டாலர் பெறுவதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது.

உங்களிடம் ஒப்பந்தம் வந்தால் மூன்றைப் பாருங்கள். முழு உரிமையையும் எழுதிக் கேட்கிறார்களா, தயாரிக்க மட்டும் உரிமம் கேட்கிறார்களா? தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா? விற்பனைக் கணக்கை நீங்கள் பார்க்க வழி எழுதியிருக்கிறதா? மூன்றாவது இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.